மாதிரிப் படிவமா, வழக்கறிஞர் எழுதும் ஒப்பந்தமா?

சிறுதொழில் நடத்துபவர் இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுவது விரைவானது, செலவும் குறைவு. ஒருமுறை மட்டும் செய்து தரும் சிறு வேலைக்கான ஒப்பந்தத்துக்கு அது பெரும்பாலும் போதுமானதே. ஆனால் அப்படிவம் எந்த நாட்டுச் சட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. வேற்று நாட்டு நீதிமன்றத்தைக் குறிப்பிடும் பிரிவு அப்படியே தங்கிவிட்டால், தகராறு எழும் நாளில்தான் அதன் பாதிப்பு தெரியவரும்.

வழக்கறிஞர் எழுதும் ஆவணத்தின் மதிப்பு, எழுதுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்விகளிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. கூட்டாளி ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவருடைய பங்கை எவ்வாறு மதிப்பிடுவது, பணம் தாமதமானால் வேலையை நிறுத்தலாமா, உருவாக்கிய வடிவமைப்பு யாருக்கு உரிமையாகும் என்பனவற்றையெல்லாம் உறவு நன்றாக இருக்கும்போதே பேசித் தீர்த்துக்கொள்ள அக்கேள்விகள் வழி செய்கின்றன. ஆகவே கூட்டாண்மை, குத்தகை, கடன் ஆகிய மூன்றையும் மாதிரிப் படிவத்தை மட்டும் நம்பி எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் வரைவைத் தாங்களே எழுதிக்கொண்டு, அதைச் சரிபார்ப்பதற்கு மட்டும் வழக்கறிஞரை அணுகலாம். முழு ஆவணத்தையும் எழுதச் சொல்வதைவிட அது பொதுவாகக் குறைந்த செலவில் முடியும்.