டிகால் தாளைப் பிரித்துப் பாருங்கள்: 24,500 ரூபாய்க்கு நான் வாங்கிய மாடல் பெட்டி

பாகங்களை ஒட்டி வண்ணம் அடித்துக் கட்டும் பழைய பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளை இணையத்தில் தனி ஆட்களிடம் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் 24,500 ரூபாய் கொடுத்தேன். ஒன்பது மாதம் உழைத்தபின், வேலை முடியும் தறுவாயில்தான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. விற்றவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன், அடுத்தவர் கண்டுகொள்ள அது போதும்.

நான் வாங்கியது முதல் உலகப் போரில் பறந்த எஸ்.இ.5ஏ என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்தின் மாடல். அளவு முப்பத்திரண்டில் ஒரு பங்கு, இறக்கை நீளம் மட்டும் இருபத்தைந்து சென்டிமீட்டர். தயாரித்தது நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ். அந்த நிறுவனம் 2020-இல் மூடப்பட்டுவிட்டதால் அதன் பெட்டிகள் இப்போது கைமாறித்தான் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றால், பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 60 சதவீதமாகவும் 2023-இல் 70 சதவீதமாகவும் ஏறிவிட்டது. மாடல் பெட்டியும் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால் உள்நாட்டில் ஒருவர் ‘திறக்காத பெட்டி’ என்று படம் போட்டதும் நான் யோசிக்கவில்லை. யுபிஐயில் முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பினேன். பில் கேட்கவில்லை.

இந்த விமானம்தான் வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் இந்திர லால் ராய். கல்கத்தாவில் பிறந்தவர். 1918 ஜூலையில் பிரிட்டனின் 40-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் எஸ்.இ.5ஏ ஓட்டி, இரண்டே வாரத்தில் பத்து வான்வெற்றிகளைக் கணக்கில் ஏற்றினார். அதே மாதம் 22-ஆம் தேதி அவரே வீழ்த்தப்பட்டார். அப்போது வயது பத்தொன்பது. இந்தக் கதையைச் சொல்லித்தான் மகளை அருகில் உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தேன்.

பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களைக் குறிப்பேட்டோடு வைத்து எண்ணினேன், எல்லாம் இருந்தன. பித்தளைத் தகட்டில் இருக்கை வார்கள் இருந்தன. டிகால் தாள், அதாவது நீரில் நனைத்து மாடலின்மேல் நழுவவிட்டு ஒட்டும் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட தாள், ஒரு கண்ணாடிக் கவரில் ஒட்டி மூடப்பட்டிருந்தது. தூசி படக் கூடாது, ஈரம் ஏறக் கூடாது என்று அதை மட்டும் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். அந்த ஒரு கவரை அன்றே பிரித்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

ஒன்பது மாதம் எப்படி ஆனது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நாகர்கோவிலில் இருந்துகொண்டு, காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் பிடிப்பவருக்கு இது புதிதல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. ஈரக் காற்றில் அடித்த லேக்கர் பூச்சு வெள்ளை பூத்துவிடும். மழை நாட்களில் விமானி அறையைச் செய்தேன். கருவிப் பலகைக்கு மரரேகை வரவேண்டும் என்று மணல் நிறத்தின்மேல் எண்ணெய் வண்ணத்தை உலர்ந்த தூரிகையால் இழுத்தேன், மூன்றாவது முறைதான் மனதுக்குப் பிடித்தது. எட்டு சிலிண்டர் ஹிஸ்பானோ சூசா எஞ்சினுக்கே ஒரு மாதம் போனது. இறக்கைகளுக்கு இடையே கட்ட வேண்டிய கம்பிகளுக்காகக் குளச்சலில் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிய தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்கி வந்தேன். அந்தச் சுருள் இன்னும் பிரிக்கப்படாமல் மேசையில் கிடக்கிறது.

ஜனவரியில் வெயில் நிலைத்தது. மேல் இறக்கையைப் பொருத்துமுன் தனியாக வைத்து, பி.சி.10 என்ற பச்சை கலந்த பழுப்பு அடித்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷும் பூசி இரண்டு நாள் காயவிட்டேன். பிறகு முதல் வட்டச் சின்னத்தை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போட்டேன். நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வளையங்கள். தாளில் பார்க்கையில் பளிச்சென்றுதான் இருந்தது. இறக்கையில் நழுவவிட்டதும் நடு வளையம் மறைந்துபோனது. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அடியில் இருந்த பழுப்பு தெரிந்தது. நீலம் அழுக்கேறி, சிவப்பு மண்ணோடு மண்ணாகத் தெரிந்தது. “அப்பா, வெள்ளை எங்கே?” என்றாள் மகள். டிகாலை மென்மையாக்கும் திரவத்தை ஓரத்தில் தொட்டுவைத்தேன், சரியாகப் படியட்டும் என்று. நீல மை கசிந்து, இறக்கையின் விலாக்கட்டைகளின் மேடுகளுக்கு இடையே வாய்க்கால்போல ஓடியது. துடைத்தேன். கறை வார்னிஷில் நின்றுவிட்டது.

மார்த்தாண்டத்தில் மாடல் கட்டும் நண்பர் ஒருவரிடம் அதே நிறுவனத்தின் வேறொரு விமானப் பெட்டி இருந்தது. மறுநாளே என் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தோம். அவருடைய தாளை அச்சிட்டது இத்தாலியின் கார்டோகிராஃப் நிறுவனம். நிறம் சீராக, விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு சின்னத்தைச் சுற்றியும், அதைத் தாங்கும் மெல்லிய படலத்தின் எல்லை தனித்தனியாகத் தெரிந்தது. என்னுடையதில் நிறமெல்லாம் புள்ளி புள்ளி. படலம் தாள் முழுவதும் ஒரே விரிப்பு. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த நகல் அது. அந்த பிரிண்டர்களில் வெள்ளை மை கிடையாது, தாளின் வெள்ளையைத்தான் நான் வளையத்தின் வெள்ளை என்று நினைத்திருந்தேன். திரும்பக் கிளம்பும்போது நண்பர் இன்னொன்றையும் காட்டினார். எனக்குப் பெட்டி விற்ற அதே ஆள், அதே வாரத்தில், அதே எஸ்.இ.5ஏ பெட்டியின் அசல் டிகால் தாளை மட்டும் தனியாக விலைபோட்டு விற்றிருக்கிறார். அந்த விளம்பரத்தின் படம் நண்பரின் போனில் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. தவறுதலாக நடந்திருக்கும் என்று அதுவரை மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

விற்றவரைக் கூப்பிட்டேன். “சார், ஒன்பது மாதம் கழித்து வந்து கேட்கிறீர்கள். பெட்டியைத் திறந்து நீங்கள் என்ன செய்தீர்களோ, எனக்கெப்படித் தெரியும்?” என்றார். விளம்பரத்தின் படத்தை அனுப்பினேன். அன்று மாலையே என் எண்ணை முடக்கிவிட்டார்.

ஒன்பது மாதம் ஆனதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னதை நானும் நம்பியிருப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மனு கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிவிட்டு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன். பில் இல்லாததுதான் பலவீனம். அவர் ஒரே ஒரு பெட்டியை விற்ற தனியாள் அல்ல, தொடர்ந்து விற்கும் வியாபாரி என்று நான் காட்டியாக வேண்டும். அவர் போட்ட பழைய விளம்பரங்களைத் தேதியோடு சேகரித்து வருகிறேன்.

உங்களுக்கு இப்படி ஒரு பெட்டி வந்தால் கூரியர் உறையை வெட்டுவதிலிருந்தே வீடியோ எடுங்கள். டிகால் கவரை அன்றே பிரித்து, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் படலத்தின் எல்லைகளைத் தேடுங்கள். பயன்படாத ஒரு சிறிய எழுத்தை வெட்டி, நனைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் துண்டின்மேல் ஒட்டிப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக நிற்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பணம் அனுப்புமுன் டிகால் தாளின் நெருக்கமான படத்தை, அன்றைய நாளிதழை அருகில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மேல் இறக்கையைச் சுரண்டி மறுபடி பழுப்பு அடித்துவிட்டேன். வட்டங்களை இனி டேப்பில் வெட்டி மறைத்து வண்ணமாகவே அடிக்கப் போகிறேன். முதலில் வெள்ளை. வெட்டும் வளையங்களை மகள் காம்பஸில் வரைந்து வைத்திருக்கிறாள்.