ஆக்சிலேட்டர் ஒயர் மாற்றியதாகச் சொல்லி 3,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: ராமேஸ்வரம் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பைக் வைத்திருக்கிற எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். ஆக்சிலேட்டர் ஒயரை மாற்றாமல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்ரேட்டரில் கையே வைக்காமல், இரண்டையும் செய்ததாகச் சொல்லி என்னிடம் 3,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரை கடைப் பெயரை இங்கே போடவில்லை. மெயின் ரோட்டு மேலேயே ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸும் ஒன்றாக நடத்துகிற கடை, வாசலில் ஆயில் கம்பெனி போர்டுகள், உள்ளே ஏசி போட்ட சின்ன ரூம். அந்த மாதிரிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பாம்பன் பாலத்தின் மேலே என் மகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என்னுடையது கார்ப்ரேட்டர் வண்டி, 150 சிசி, பிஎஸ்6 புகை விதி வருவதற்கு முன்னால் வாங்கியது. ஆக்சிலேட்டர் முறுக்க இறுக்கமாக இருந்தது, விட்டால் மெதுவாகத்தான் திரும்பியது. நம் பக்கம் இது சகஜம். ஆடிக் கச்சானும் ஐப்பசி வாடையும் மாறி மாறி உப்பை அள்ளிக்கொண்டு வந்து ஒயர் உறைக்குள் சேர்க்கும், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். ஒயரை மாற்றிவிடலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பேசிய பேச்சு இருக்கிறதே! "அண்ணே, உங்க பாதுகாப்பு சமாச்சாரம், இதுல நான் டூப்ளிகேட் போடவே மாட்டேன்" என்று சொல்லி, ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டின கவரைப் பிரிக்காமல் என் கையிலேயே கொடுத்தார். உள்ளே புத்தம்புது ஒயர், கறுப்பு உறை பளபளவென்று இருந்தது. "நல்லா பாத்துக்கங்க, இதத்தான் மாட்டப்போறோம்" என்றார். கார்ப்ரேட்டரிலும் உப்பு ஏறியிருக்கும், உள்ளே இருக்கிற சின்னப் பாகங்களின் கிட்டை மாற்றிவிட்டால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை என்றும் அவரே சொன்னார். அப்புறம், "வெயில்ல ஏண்ணே நிக்கிறீங்க, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று பையனை விட்டு டீக்கடைக்கு வழி காட்டச் சொன்னார். இத்தனை அக்கறையாகப் பேசுகிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

திரும்பி வந்தபோது ஆக்சிலேட்டர் வெண்ணெயாக வழுக்கியது. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதியிருந்தது: ஒயர் 450, கார்ப்ரேட்டர் கிட் 1,450, கூலி 900, கிளீனர் ஆயில் 400. மொத்தம் 3,200 ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாளிலேயே ஒரு விஷயம் கவனித்தேன். நின்ற இடத்தில் ஹேண்டிலை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் இன்ஜின் தானாக ரைஸ் ஆகிறது. போய்ச் சொன்னேன். "புது ஒயர்ணே, செட் ஆக நாளாகும்" என்றார். முறுக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு, "இப்ப பாருங்க, சரியாயிடுச்சு" என்றார். எங்கே சரியானது? ஐடிலிங்கே எகிறிக் கிடந்ததால் வித்தியாசம் காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபடி போனபோது, "கடக்காத்துக்கு நாங்க என்னண்ணே பண்ண முடியும், இந்த ஊர்ல எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

இந்தக் கடற்காற்றுச் சாக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உப்பு ஒயரைத் தின்னும், உண்மை. அதற்காக மாட்டி ஒரு மாசம்கூட ஆகாத ஒயரையா தின்னும்?

முந்தாநாள் மகளை ராமேஸ்வரத்தில் விடப் போனேன். பாலத்தில் வழக்கம்போல வேன்களை ஓரங்கட்டிவிட்டு, புது ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற கூட்டம். எனக்கு முன்னால் போன பஸ் பிரேக் அடித்தது. ஆக்சிலேட்டரை விட்டேன். இன்ஜின் இறங்கவில்லை. கைப்பிடி லூசாகச் சுற்றுகிறது, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. "அப்பா, ஏம்ப்பா இவ்வளவு ரைஸ் பண்றீங்க?" என்று மகள் கேட்கிறாள். கிளச்சை அமுக்கி, இன்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்சைத் தட்டி, பிரேக் பிடித்து நிறுத்தியபோது பஸ்ஸின் பம்பர் முன் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டே மண்டபம் பக்கம் இறங்கி, ஓலைக் கொட்டகை போட்டு வேலை பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். ஹெட்லைட் டூமைக் கழற்றியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இதப் புது ஒயர்னா குடுத்தாங்க?"

ஃபிரேமில் உரசி உறை கிழிந்த இடத்தில் முன்னொரு தடவை என் தம்பி சிவப்பு டேப் சுற்றியிருந்தான். அந்த டேப்பை உரித்துவிட்டு, உறையைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். டேப்பின் பசை அப்படியே வளையமாக ஒட்டியிருந்தது, நடுவில் அதே பழைய வெட்டு. பெரியவர் உள்கம்பியை உருவினார். கூடவே கிரீஸ் கட்டிகட்டியாக வந்தது, மணலும் உப்பும் ஏறிப் பழுப்பு நிறத்தில். நுனிக் குண்டுக்குப் பக்கத்தில் சில இழைகள் அறுந்து நெத்திலி முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதுதான் போய் உறையில் மாட்டியிருக்கிறது. ஒயரால் இழுக்க மட்டும்தான் முடியும் என்றார் அவர். கார்ப்ரேட்டருக்குள் இருக்கிற வால்வைக் கீழே தள்ளி இன்ஜினை இறக்குவது ஸ்பிரிங். கம்பி எங்கேயாவது சிக்கினால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளைக்கு வழுக்கட்டும் என்றுதான் பழைய ஒயரில் கிரீஸை அடைத்திருக்கிறார்கள்.

கார்ப்ரேட்டரையும் காட்டினார். அடிக் கிண்ணத்தின் ஸ்க்ரூ தலைகளில் வெள்ளையாக உப்புப் பூத்து, ஸ்க்ரூடிரைவர் வைக்கிற பள்ளமே மூடியிருந்தது. யாராவது திறந்திருந்தால் அந்தப் பூ உதிர்ந்திருக்க வேண்டாமா? 1,450 ரூபாய் கிட் அங்கே எதிலுமே இல்லை.

பெரியவர் வேறு ஒயர் வாங்கிவரச் சொல்லி மாட்டினார், தூசி போகாமல் ரப்பர் மூடியைச் சரியாகப் போட்டார், கூலியாகக் கொஞ்சம்தான் வாங்கினார். பழைய ஒயரோடு நேரே அந்தக் கடைக்குப் போனேன். ஏசி ரூமிலிருந்து கடைக்காரர் வெளியே வரவே இல்லை. பையன்தான் வந்து, "இது எங்க கடை ஒயர் இல்லண்ணே, வெளியில யாரோ மாத்திட்டாங்க" என்றான். பில் கேட்டேன். "அதான் சீட்டு குடுத்தோமே." அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. போன் செய்தால் இப்போது எடுப்பதே இல்லை. என் 3,200 ரூபாய்க்குப் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். புது ஒயர் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், எவ்வளவு அன்பாக டீக்கு அனுப்பினாலும் போகாதீர்கள். பழைய ஒயரைக் கையோடு வாங்கி வாருங்கள். கைப்பிடியை முறுக்கினால் முதல் சில மில்லிமீட்டர் சும்மா சுற்ற வேண்டும். பல வண்டிகளுக்கு 2 முதல் 6 வரை, உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். கைப்பிடிப் பக்கம் இருக்கிற லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரில் அதைச் சரிசெய்யலாம், திரும்ப இறுக்க மறக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தாலும் சத்தம் ஏறக்கூடாது. ஏறினால் ஒயர் இறுக்கமாக இருக்கிறது, இல்லை தப்பான வழியில் போகிறது. ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி அதை மறைக்க விடாதீர்கள். விட்டவுடன் கைப்பிடி டக்கென்று திரும்ப வேண்டும். கில் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். பில் தராததே நியாயமற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பழைய ஒயர், துண்டுச் சீட்டு, உப்புப் பூத்த ஸ்க்ரூவின் போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் கடையில் சமீபத்தில் ஒயர் மாற்றியவர்கள் டார்ச் அடித்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் உறையைப் பாருங்கள். பழைய ஒயராக இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடுவோம்.