எலிக்குப் பொறியா, கேக்கா, பசை அட்டையா? நெல்லைப் பக்க வீட்டுக்கும் கடைக்கும் எது சரி

பிசான அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலி ஊருக்குள் ஏறும். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை வாங்கி வந்து வைத்துவிடுகிறோம். ஆனால் வீட்டுக்கு ஆகிற சாமான் வேறு, நெல் குடோனுக்கு ஆகிற சாமான் வேறு. மாற்றி வைத்தால் எலி போகிறதோ இல்லையோ, பிள்ளைகள் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். மச்சில் ஓடுவதும் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைவதும் வீட்டெலி. அரிசி மணி அளவில் புழுக்கை கிடந்தால் சுண்டெலி. புறவாசலில் மண்ணைக் குவித்து வளை தோண்டுவது பெருச்சாளி. மூஞ்சூறு எலி இனமே கிடையாது. பூச்சியைத் தின்று நமக்கு நல்லதுதான் செய்கிறது, அதை விட்டுவிடலாம்.

மருந்தில் மூன்று வகை நம் பக்கம் புழக்கத்தில் இருந்தன. மிக மோசமானது டியூபில் வந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசை. தமிழ்நாட்டில் அதை விற்கத் தடை இருக்கிறது. அப்படியும் பழைய டியூப் பரணில் கிடக்கலாம், தேடி அப்புறப்படுத்துங்கள். அதைத் தின்றவர் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிவார், அதற்குள் ஈரல் கெட்டுப்போகும். மாற்று மருந்து கிடையாது.

அடுத்தது கறுப்புப் பொடி, அதாவது துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயு வரும், எலி சில மணி நேரத்தில் சாகும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. இன்னொரு குறை, கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. அதனால்தான் விவசாயிகள் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத அரிசிக் குருணையை எண்ணெயில் பிசறி வைத்துப் பழக்குகிறார்கள். வரப்புக்கு அது சரி, அடுப்படிக்கு வேண்டாம்.

மூன்றாவது கேக். புரோமடையலோன் 0.005 சதவீதம் கலந்தது. ரத்தம் உறையாமல் செய்து எலியைக் கொல்லும், அதற்குச் சில நாள் ஆகும். அதுவரை தின்றுகொண்டே இருக்கும், சந்தேகப்படாது. மனிதர் தின்றுவிட்டால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. மூன்றில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும் என்றால் நான் கேக்கைத்தான் எடுப்பேன், அதையும் பூட்டிய இரைப்பெட்டிக்குள்தான் வைப்பேன். வீட்டுக்குள் கேக் வைத்தால் எலி மச்சு இடுக்கில் செத்து, வாரக்கணக்கில் நாறும். செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் விஷம் ஏறலாம்.

வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்காரர் தொடவே கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியைச் சுவாசித்து இரண்டு சிறு குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்தது. ஆட்களைக் கூப்பிட்டு மருந்து வைக்கச் சொன்னாலும், என்ன மருந்து, எந்த அறையில், எத்தனை நாள் அந்த அறையில் படுக்கக் கூடாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிள்ளை எதையாவது வாயில் வைத்துவிட்டால் டியூபையோ பாக்கெட்டையோ கையோடு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே போய்விட வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று பொறுத்திருக்கக் கூடாது.

பசை அட்டை எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாத சாமான். சுண்டெலி ஒட்டும், கூடவே பல்லியும் அணில் குஞ்சும் ஒட்டும். ஒட்டியது உயிரோடு இரவெல்லாம் கத்தும். மூத்திரமும் விடும், எலிக்காய்ச்சல் கிருமி பரவுவதே அதில்தான். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் மின்கருவிக்குக் கொடுக்கும் காசு வீண்.

வீட்டுக்குள் நான் நம்புவது அடிக்கும் பொறியை. மசால்வடை வைக்கிறோம், எலி வருவதில்லை என்பார்கள். எலி புதுச் சாமானைக் கண்டு ஒதுங்கும் பிராணி. பொறியைப் பூட்டாமல் இரண்டு மூன்று நாள் இரையை மட்டும் வைத்துத் தின்னப் பழக்குங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாட்டுத் துண்டு போதும், நூலால் கட்டிவிட்டால் உருவிக்கொண்டு ஓடாது. நடு அறையில் வைத்துப் பிரயோஜனம் இல்லை. எலி சுவரை உரசியபடிதான் ஓடும், அதனால் இரை இருக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி குறுக்கே வையுங்கள். கூண்டுப் பொறி பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இன்னும் பத்திரம், ஆனால் பிடித்ததைப் பக்கத்துத் தெருவில் விட்டால் அது அந்தத் தெருக்காரர் தலையில்தான் விடியும்.

பொறியைவிட முந்திச் செய்ய வேண்டியது அடைப்பு. சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடுக்கு போதும். வளையில் உடைந்த கண்ணாடிச் சில்லைத் திணித்து மேலே சிமெண்டு பூசும் நம் ஊர்ப் பழக்கம் நல்ல பழக்கம். அங்கணக்குழி வாயில் இரும்புச் சல்லடை, கதவுக்கு அடியில் தகரப் பட்டை, ஓட்டைத் தொடும் முருங்கைக் கிளையை வெட்டுவது, இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எலிக்குச் சினைக்காலம் மூன்றே வாரம். வழியை அடைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தால் பிடிக்கப் பிடிக்க வந்துகொண்டேதான் இருக்கும்.

கடைக்கு வேறு கணக்கு. அல்வாக் கடை, பலகாரக் கடை, ஓட்டல் எதிலும் உணவு கிடக்கும் அறைக்குள் விஷமே கூடாது. உள்ளே பொறி, வெளிச்சுவர் ஓரம் பூட்டிய பெட்டியில் கேக், அவ்வளவுதான். மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஓர் ஆள் நடக்கிற அளவு விட்டு, பலகை மேல் அடுக்கினால் புழுக்கை முதல் நாளே கண்ணில் படும். அரிசி ஆலையும் பெரிய குடோனும் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விடவேண்டியவை, அங்கே மாத்திரைப் புகை போடுவதற்கு நியாயம் உண்டு.

வயலுக்கு நான் முதலில் சொல்வது பனை மட்டை. தலைகீழாக நட்டுவைத்தால் ஆந்தையும் கூகையும் அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும். அதே வயலில் கேக்கும் வைத்தால் விஷமேறிய எலியைத் தின்று ஆந்தை சாகும், இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

எந்த வழியில் செத்தாலும் எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள். கையில் பிளாஸ்டிக் பை மாட்டி எடுத்து ஆழமாகப் புதைத்து, கிடந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிக் கழுவுங்கள். 2023 டிசம்பரில் வந்ததுபோலத் தாமிரபரணியில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சேற்றில் இறங்கி வேலை பார்த்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தண்ணீரில் நின்ற விவரத்தை டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.