ராத்திரி டூட்டியில் முளைக்கும் காதல்: 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' (1987)

இயக்குநர் ரிட்லி ஸ்காட் படமாச்சே என்று அதிரடியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கொலையைக் கண்ணால் பார்த்துவிட்ட பணக்காரி கிளேர். அவளுக்கு ராத்திரிக் காவல், புதிதாகத் துப்பறியும் பிரிவுக்கு வந்த மைக். அவனுக்கு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மனைவி, மகன். படத்தின் சூட்சுமமே அந்த ஷிஃப்ட்தான்: ஊர் தூங்கும்போது இரண்டு பேர் மட்டும் விழித்திருக்கிறார்கள், பேசாமல் எப்படி?

குகன்ஹைம் அருங்காட்சியகக் காட்சி பிரமாதம். பெண்கள் கழிவறை வாசலோடு ஆண் காவலரின் எல்லை முடிந்துவிடுகிறது; கொலைகாரன் அவளை நேருக்கு நேர் மிரட்டுவது அங்கேதான். காவல் ஏற்பாட்டின் ஓட்டையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சறுக்கல் காதலில். மைக்காக வரும் டாம் பெரெஞ்சர், கிளேராக வரும் மிமி ரோஜர்ஸ் இடையே சூடு போதவில்லை. மனைவியாக வரும் லொரெய்ன் பிராக்கோ கோபப்பட்டாலே போதும், நம் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் கிளேருக்காக யார் பதறுவது? கிளைமாக்ஸ் சுமார்தான்.