விறாந்தையா, உள் அறையா, புது அறையா: பாரிசவாதத்துக்குப் பிறகு வீட்டை மாற்றுவது

பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் விளங்காமல் போன அப்பாவையோ அம்மாவையோ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தால், மட்டக்களப்புப் பக்கத்தில் அவர்கள் வந்து சேர்வது பெரும்பாலும் மகளின் வீட்டுக்குத்தான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போவதுதானே எங்கள் வழக்கம். எங்கே படுக்க வைப்பது என்று கேட்டால் சொந்தக்காரர் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் மூன்று யோசனை மிஞ்சும்: முன் விறாந்தையை அடைப்பது, ஹோலுக்குப் பக்கத்து அறையை ஒதுக்குவது, பின் வளவில் புது அறை கட்டுவது.

எல்லாரும் கட்டிலிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கக்கூஸிலிருந்து தொடங்குங்கள். இரவில் அங்கே போய் வர முடிகிறதா என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

விறாந்தைக்குச் செலவு குறைவு. கிறில் அடித்து, திரை போட்டால் போதும். ரோட்டால் போகிறவர்கள் "மாமா, இண்டைக்கு எப்பிடி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள், அது பெரிய மருந்து. ஆனால் கிழக்குப் பார்த்த விறாந்தையில் கார்த்திகை, மார்கழி வாடைக்காற்று தூவானத்தைக் கட்டில் வரை கொண்டுவந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, கக்கூஸ் வீட்டின் மறு கோடியில் இருப்பது. அவ்வளவு தூரம் எப்படி என்று பெட் பான் வைப்போம். மருமகனும் வந்து போகிறவர்களும் நடமாடும் இடத்தில் அது அப்பாவுக்கு எவ்வளவு கூச்சம் என்று அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். பிடித்து நடத்தினால் நடக்கக்கூடிய ஆளும் படுக்கையோடு போய்விடுவார்.

பின் வளவில் புது அறை கட்டினால் அளவெல்லாம் நம் விருப்பம். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி இடம், சேர்ந்தாற்போல் பாத்ரூம், அகலக் கதவு. ஆனால் புதுக் கக்கூஸ் குழியும் வேண்டுமே. எங்கள் மணல் நிலத்தில் தண்ணீர் சுலபமாக ஊறி ஓடும், நிலத்தடி நீரும் கிட்ட. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது வேண்டும். கல்முனை, காத்தான்குடி போன்ற நெருக்கமான இடங்களில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? சாய்வுப் பாதைச் செலவை மிச்சம் பிடிக்க அத்திவாரத்தைத் தாழ்த்தவும் கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரை போட்டால் ஆனி, ஆடியில் அடிக்கும் வெக்கையான கச்சான் காற்றில் அறை வெந்துவிடும். எல்லாவற்றையும் விட, பின்னால் தனியே கிடக்கிறவர் ஒரு தேவைக்குக் கத்திக் கூப்பிட வேண்டிவரும். வீட்டுக்குள் கக்கூஸுக்கு வழியே இல்லை, வளவும் பெரிது என்றால் மட்டும் கட்டுங்கள். அதையும் குசினிச் சுவரோடு ஒட்டி, உள்ளே ஒரு வாசல் விட்டு.

எங்கள் அப்பாவுக்கு உள் அறையைத்தான் கொடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். வாசல்தான் முதல் தடை. சாதாரண சக்கர நாற்காலி 25 முதல் 27 அங்குல அகலம். தள்ளுகிறவரின் கை இடிபடாமல் போக 32 அங்குலம் திறந்திருக்க வேண்டும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் கதவைக் கழற்றித் திரை போட்டுப் பாருங்கள், ஓர் அங்குலமாவது கிடைக்கும். போதாவிட்டால் கதவு நிலையையே மாற்ற வேண்டும். பாத்ரூம் அடுத்த சுவருக்குப் பின்னால் இருந்தால், அந்தச் சுவரை வெட்டி நேரே வாசல் வைப்பதுதான் இந்த வேலையிலேயே பெறுமதியான செலவு.

குந்துகிற கக்கூஸை உடைக்க உடனே காசு இல்லையா, நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரையை அதற்கு மேலேயே வைக்கலாம். பாத்ரூம் வாசலில் நாலு அங்குலப் பள்ளம் இருக்கும், அதை நிரப்பிச் சமமாக்குங்கள். மினுங்குகிற டைல் வேண்டாம், சொரசொரப்பான சீமெந்துத் தரை போதும். கதவு வெளியே திறக்கட்டும்: உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கைபிடிக் கம்பியை நல்ல கை இருக்கும் பக்கத்தில், கல்லுச் சுவரில் ஆழமாக இறுக்க வேண்டும். துவாய் தொங்கவிடும் கம்பி ஆளின் பாரத்தைத் தாங்காது.

எந்த அறை என்றாலும் படிக்குச் சாய்வுப் பாதை வேண்டும். உயரம் ஓர் அங்குலம் என்றால் நீளம் ஓர் அடி. 18 அங்குலப் படிக்கு 18 அடி. ஆறடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் இறக்கத்தில் நாற்காலி தள்ளுகிறவரையும் இழுத்துக்கொண்டு போகும். முன்னால் இடம் போதாவிட்டால் சுவர் ஓரமாக வளைத்துக் கட்டலாம். அப்புறம், பாதை முடிகிற இடத்திலிருந்து கேற் வரை சீமெந்து போட்டுவிடுங்கள், முற்றத்து மணலில் சில்லு புதைந்தால் ஒரு ஆளால் தள்ள ஏலாது.

விறாந்தையை விட்டுவிடச் சொல்லவில்லை. இரவு உள் அறை. காலையிலும் பின்னேரமும் விறாந்தையில் கதிரை. உள் அறையில் கட்டிலைப் போடும்போது, அவர் எழும்பி இறங்கும் பக்கம் நல்ல கால் இருக்கும் பக்கமாக இருக்கட்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும்; பதியாவிட்டால் கட்டில் காலை அளந்து தச்சரிடம் அறுக்கக் கொடுங்கள்.