ஆன்லைனில் ரோஜா, டியூலிப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 6,850 ரூபாய் போச்சு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் ரோஜா வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 6,850 ரூபாயை ஒரு ஆன்லைன் செடிக்காரனிடம் பறிகொடுத்திருக்கிறேன். இன்றைக்கு மத்தியானம் அவன் என்னை பிளாக் பண்ணிவிட்டான். அந்தக் கொதிப்பு அடங்கும் முன்னே எழுதுகிறேன்.

பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆள் எப்படிப்பட்டவன் என்று மட்டும் சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். போட்டோவும் குட்டி வீடியோவும் போடுகிற செயலியில் செடி விற்கிற ஒரு பக்கம். ஆயிரக்கணக்கில் பின்தொடர்கிறவர்கள். தமிழ்தான். கடை முகவரி கிடையாது, ஒரு போன் நம்பர் மட்டும். 'இங்கிலீஷ் ரோஸ், ஹாலந்து இறக்குமதிக் கிழங்கு, மழைக்கால ஆஃபர்' என்று தினம் ஒரு வீடியோ.

நம்ம ஊர் ரோஜாவுக்கு அவ்வளவு தோதான ஊர் இல்லை, வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இலை காயவே காயாது. கரும்புள்ளி விழுந்தால் கொஞ்ச நாளில் செடி மொட்டையாக நிற்கும். தோவாளைச் சந்தைக்கு வருகிற ரோஜாகூட ஓசூர்ப் பக்கத்தில் இருந்து வருகிறதுதான். அதையெல்லாம் மீறி எங்கள் மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடியில், பன்னீர் ரோஸும் பட்டன் ரோஸும் வருஷக்கணக்காகப் பூக்கிறது. செம்மண், ஆற்றுமணல், சாணி உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு, அவ்வளவுதான். ஆசை என்னவென்றால் 'கிரஹாம் தாமஸ்' என்று ஒரு மஞ்சள் ரோஜா. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் 1983இல் கொண்டுவந்தது. 2009இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு உலகத்துக்கே பிடித்த ரோஜா என்று அதைத் தேர்ந்தெடுத்தது. கிண்ணம் மாதிரி குவிந்து, முட்டைக்கரு மஞ்சளில் இருக்கும். அதை ஒரு தடவையாவது வீட்டில் பூக்க வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் கிடந்தது. அவனிடம் அது இருந்தது, அதாவது போட்டோவில் இருந்தது.

கேள்வி கேட்காமல் நான் பணம் போடவில்லை. வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'விசாரிச்சு வாங்கியிருக்கணும்' என்று யாராவது வந்து சொல்வார்கள்.

ஒட்டுச் செடியா (வேறு ரோஜாவின் வேர்ச்செடியில் மொட்டுக்கண் செருகி வளர்த்ததா), சொந்த வேரா என்று கேட்டேன். உடனே வாய்ஸ் நோட் வந்தது. "எக்கா, எல்லாம் ஒட்டுதான். ஒட்டு மண்ணுக்கு மேல நிக்கணும் கேட்டியளா. நம்ம ஊரு மழைக்கு ஒட்டுல வெள்ளம் கெட்டுனா செடி போயிரும்." என்னை விழ வைத்தது இந்த ஒரு வரிதான். கையில் மண் பட்டவன் சொல்கிற பேச்சு அது. சென்னைக்காரன் 'தண்ணி தேங்குனா' என்று சொல்லியிருப்பான். இவன் 'வெள்ளம்' என்றான். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். "திங்கள்சந்தைதான் எக்கா. நர்சரி பெங்களூர்ல, நான் மாசம் ஒருக்கா ஊருக்கு வருவேன்." அம்மாவுக்கு வடசேரிச் சந்தையில் மீன் வாங்கப் பிடிக்காது, திங்கள்சந்தைதான் போவாள் என்றெல்லாம் பேசினான். பேச்சில் அவ்வளவு பாசம்.

டியூலிப்பைப் பற்றியும் கேட்டேன். அது குளிர் நாட்டுக் கிழங்கு. 12 முதல் 16 வாரம் வரை, 9 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் பூக்கும். குளிர் படாவிட்டால் வெறும் இலை வரும், தண்டு நீளாது, மொட்டு உள்ளேயே கருகிவிடும். ஸ்ரீநகரில் பங்குனி சித்திரையில் அப்படிப் பூத்துக் கிடக்கிறதென்றால், அதற்கு முன்னால் மாசக்கணக்கில் பனி கிடந்திருக்கிறது. நமக்கு மார்கழி ராத்திரியில்கூட அந்தக் குளிர் வராது. இதைச் சொல்லித்தான் கேட்டேன். "அதெல்லாம் கோல்ட் ஸ்டோரேஜ்ல வெச்சு குளிர் குடுத்த கெழங்கு எக்கா. நட்டா போதும், தை மாசம் பூக்கும். பூக்கலன்னா பைசா திருப்பித் தருவேன், எம்மேல சத்தியம்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு வீடியோ அனுப்பினான். என் பெயரை ஒரு தாளில் பேனாவால் எழுதி, நூல் கட்டி, ஒரு ரோஜாத் தண்டில் தொங்கவிட்டிருந்தான். தாள் காற்றில் ஆடுகிறது. பின்னால் மழைச் சத்தம். செடியில் ஒரு மஞ்சள் மொட்டு பாதி விரிந்திருக்கிறது. "எக்கா செடி ரெடியா நிக்குது, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டேன்" என்று குரல். அந்த வீடியோவை எத்தனை பேருக்குக் காட்டினேன் தெரியுமா.

பணம் போட்டேன். ரோஜா 8, ஒன்று 550 வீதம் 4,400. டியூலிப் 20 கிழங்கு, ஒன்று 75 வீதம் 1,500. ஹயசிந்த் என்கிற வாசனைப் பூக் கிழங்கு 5, ஒன்று 120 வீதம் 600. பேக்கிங், கூரியர் 350. ஆக 6,850 ரூபாய், மொத்தமும் முன்பணம். யூபிஐயில் வேறு ஒருத்தர் பெயர் காட்டியது. கேட்டதற்கு "கணக்கு பாக்குறவரு பேரு எக்கா" என்று பதில் தயாராக இருந்தது.

பார்சல் வீட்டுக்கு வரவில்லை. வடசேரி பக்கத்தில் உள்ள கூரியர் ஆபீசில் கிடக்கிறது, வந்து எடுங்கள் என்று போன். மழையில் போய் எடுத்து வந்து, அவன் சொன்ன மாதிரியே வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். ரோஜா என்று வந்தது எட்டுக் கம்பு. பேனா தடிமன். அடியில் தென்னைநார்க் கழிவை உருண்டையாகப் பிடித்து, செய்தித்தாள் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. மொட்டும் இல்லை, இலையும் இல்லை. கிழங்கு என்று வந்ததெல்லாம் சின்ன வெங்காயம் அளவில்.

உடனே கூப்பிட்டேன். இங்கேதான் கவனிக்க வேண்டும். கோபப்படவில்லை, மறுக்கவில்லை, அவ்வளவு அக்கறையாகப் பேசினான். "பயப்படாண்டாம் எக்கா. தூரத்துல இருந்து வந்ததுல்லா, ஷாக்குல இல கொட்டிருக்கு. நெழல்ல வைங்க. சாஃப் ரெண்டு கிராம் கலக்கி ஊத்துங்க. பதினஞ்சு நாளு வேர அசைச்சிராதிய, தளிர் வரும் பாருங்க." சாஃப் என்பது பூஞ்சை மருந்து. சொன்ன மாதிரியே செய்தேன். தளிரும் வந்தது. செக்கச் செவேலென்று நாலைந்து கம்பில் துளிர்த்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாத்தியளா, நான் சொன்னம்லா" என்று கைகூப்புகிற பொம்மை போட்டான்.

வெட்டின ரோஜாக் கம்பில் வேர் இல்லாவிட்டாலும், கம்புக்குள் மிச்சமிருக்கிற சத்தில் கொஞ்ச நாள் தளிர் விடும். சத்து தீர்ந்ததும் அந்தத் தளிர் தலை தொங்கி, காய்ந்து, கம்பு மேலிருந்து கறுத்துக்கொண்டு வரும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். வேரை அசைக்காதே என்று சொன்னதே வேர் இல்லை என்பதை நான் பார்க்கக் கூடாது என்பதற்காக. அவனுடைய பக்கத்தில் 'பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் மட்டும் புகார்' என்று ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறான். பதினைந்து நாள் கணக்கு இப்போது புரிகிறதா? வைத்தியம் சொல்கிற மாதிரி சொல்லி என் தவணையைத் தின்றுவிட்டான். 6,850 ரூபாயைவிட எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தக் கம்புகளுக்குத் தண்ணீர் தெளித்தேன்.

முதலில் அவன் சாயம் வெளுத்தது கிழங்கில்தான். தோவாளையில் எங்கள் சித்தப்பா பூ விவசாயம். வீட்டுக்கு வந்தவரிடம் காட்டினேன். ஹயசிந்த் என்று வந்ததைக் கையில் எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, முகர்ந்து பார்த்தார். "எம்மா, இது சம்பங்கிக் கெழங்குல்லா. இதுக்கா நூத்திருவது ரூவா குடுத்த?" என்றார். ஹயசிந்த் கிழங்கைத் தொட்டால் கை அரிக்கும், அதில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் உண்டு. இதை நான் மண்ணோடு பிசைந்து நட்டேன், ஒரு அரிப்பும் இல்லை. டியூலிப் என்று வந்தது மழை லில்லி. டியூலிப் கிழங்கு ஒரு பக்கம் தட்டையாக, மேலே கூராக, மெல்லிசான பழுப்புத் தோலோடு, எலுமிச்சை அளவுக்காவது இருக்கும். இது கழுத்து நீண்ட குட்டிக் கிழங்கு. நம்ம ஊரில் கிணற்றடியில் தானாகக் கிளம்புகிறதே, அதுவேதான்.

அன்றைக்கே எட்டுக் கம்பையும் உருவிப் பார்த்தேன். எட்டிலும் ஒரு வேர் கிடையாது. அடி வெள்ளையாக, கத்தியால் சாய்த்து வெட்டினது வெட்டினபடி. இரண்டில் மட்டும் ஒட்டுக் கட்டின பிளாஸ்டிக் நாடா இருந்தது. மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பிரித்தேன். பட்டையில் ஒரு கீறல் இருந்தது. அதற்குள் மொட்டுக்கண் இல்லை. ஒன்றுமே செருகாமல் கீறி, நாடா மட்டும் கட்டியிருக்கிறான். ஒட்டு எங்கே என்று கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக!

திரும்பக் கூப்பிட்டேன். முதலில் "நான் வண்டியில இருக்கேன் எக்கா, ராத்திரி கூப்பிடுதேன்". ராத்திரி எடுக்கவில்லை. மறுநாள் "உங்க ஓபனிங் வீடியோல கூரியர் லேபிள் சரியா தெரியல". இருக்கிற வீடியோவை மறுபடி அனுப்பினேன், லேபிள் பளிச்சென்று தெரிகிறது. "மேனேஜர்ட்ட பேசுங்க" என்று வேறு நம்பர் கொடுத்தான். அங்கே எடுத்தவர் இந்தியில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டார். அப்புறம் "மாத்து அனுப்பலாம், கூரியருக்கு 400 போடுங்க" என்றான். 6,850 வாங்கினது போதாதா, இன்னும் 400 கேட்கிறாயே தம்பி என்று கேட்டேன். அதோடு 'எக்கா' போய் 'மேடம்' ஆனது. "மேடம், செடி உயிருள்ள பொருள், காரண்டி கெடையாது." அவனுடைய வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், சீக்கிரமே அழித்துவிட்டான். இன்று பிளாக்.

செயலியில் புகார் செய்தேன். 'விற்பனையாளரை நேரடியாகத் தொடர்புகொள்ளவும், இந்தப் பரிவர்த்தனை எங்கள் வழியாக நடக்கவில்லை' என்று ஒரு தானியங்கிப் பதில். அண்ணன் மகள் போட்டோக்களைத் தேடிப் பார்த்தாள். 'எங்கள் தோட்டம்' என்று அவன் போட்டிருந்த டியூலிப் படம் ஸ்ரீநகர்த் தோட்டத்துப் படம், பின்னால் மலை தெரிகிறது. என் பெயர் தாள் தொங்கின அதே செடி, அதே பாதி விரிந்த மொட்டு, வேறு ஒரு பெண்ணின் பெயரோடும் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அவர் 3,200 கொடுத்திருக்கிறார்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பார்சல் வந்த அன்றைக்கே ஒரு செடியையாவது உருவி வேரைப் பாருங்கள், அசைக்காதே என்று யார் சொன்னாலும் சரி. ஒட்டு நாடாவுக்கு மேலே பச்சைக் கிளை இருக்க வேண்டும், நாடாவுக்குக் கீழே வருவது வேர்ச்செடியின் காட்டுக் கிளை. வெளிநாட்டுச் செடி என்றால் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இருக்கும், 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அது கட்டாயம், காட்டச் சொல்லுங்கள். நீல ரோஜா விற்கிறவனிடம் எதையுமே வாங்க வேண்டாம், ரோஜாவுக்கு அந்த நிறமியே கிடையாது. ஜப்பானில் சன்டோரி மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்கு விட்டதுகூட இளம் ஊதாதான். இவன் பக்கத்தில் அதுவும் விற்பனைக்கு இருக்கிறது.

பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாகர்கோவிலில் நான் போடப் போகிறேன். அந்த 6,850ஐ விடுவதாக இல்லை.

மார்த்தாண்டத்து அக்காவுக்குப் பார்சல் போன வாரம்தான் வந்திருக்கிறது. தளிர் வந்திருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்கிறார். உருவிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரை மாதிரி தளிரைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே உருவிப் பாருங்கள், 7 நாள் தாண்டுவதற்கு முன்னால்.