ட்ரோவ்: ரிவிப் பக்கம் தேடிப் போனவனின் மதிப்புரை

போன மாதம் சிட்னியில் இருக்கும் அண்ணாவோடு தொலைபேசியில் ஒரு சண்டை. 1985இல் மெல்பேர்ண் மைதானத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய உலக சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் என்ன கிழமை நடந்தது என்பதுதான் விஷயம். "டேய், அது சனிக்கிழமையடா. அப்பா வீட்டில நிண்டவர், எனக்கு வடிவா ஞாபகம்" என்றார் அண்ணா. நான் ஞாயிறு என்றேன். கதைத்துக்கொண்டே ட்ரோவைத் திறந்து கன்பரா டைம்ஸ் பத்திரிகையில் மார்ச் 10க்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அண்ணா "சரி சரி" என்று பேச்சை மாற்றிவிட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து பழைய பத்திரிகைகளின் ரிவிப் (தொலைக்காட்சி நிகழ்ச்சிநிரல்) பக்கங்களால் இரவு நித்திரை கெட்டது.

தெரியாதவர்களுக்கு: ட்ரோவ் என்பது அவுஸ்திரேலிய தேசிய நூலகத்தின் இணையச் சேவை. 2009இல் தொடங்கியது. படிக்கக் காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. பழைய பத்திரிகைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, விளம்பரங்களோடு அப்படியே பார்க்கலாம். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான பத்திரிகைகள் 1954ஓடு நின்றுவிடும். கன்பரா டைம்ஸோ 1995 வரை இருக்கிறது. அதாவது எண்பதுகளின் ரிவி நிகழ்ச்சிநிரலைத் தேடும் ஒருவர் கன்பராவில் வளர்ந்திருந்தால் அவர் அதிர்ஷ்டசாலி. மெல்பேர்ண்காரர் தங்கள் ஊர்ப் பத்திரிகையான த ஏஜைத் திறந்தால் 1954ஐத் தாண்ட முடியாது. அங்கே ரிவியே 1956இல்தான் வந்தது!

பாவிக்கிற முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. நிகழ்ச்சியின் பெயரைத் தேடல் பெட்டியில் அடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இவை நுண்படச் சுருளிலிருந்து எடுத்த படங்கள். எழுத்தை வாசிப்பது இயந்திரம். ரிவிப் பக்கமோ குறுகிய பத்திகளும் பொடி எழுத்துமாக, நேரமும் பெயரும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மனிதக் கண்ணுக்கே கண்ணாடி வேண்டும், இயந்திரம் பாவம். அதனால் பத்திரிகையின் பெயர், ஆண்டு, மாதம், நாள் என்று படியிறங்கிப் போவதுதான் வழி. தேடித்தான் ஆகவேண்டும் என்றால், பட்டியல்கள், முடிவுகள், வழிகாட்டிகள் என்ற வகையை மட்டும் தெரிந்தெடுங்கள். செய்திகளெல்லாம் விலகி ரிவிப் பக்கமும் குதிரைப்பந்தய முடிவுகளும் மிஞ்சும்.

இயந்திரம் பிழையாக வாசித்த வரியை யாரும் திருத்தலாம் என்பது இந்தச் சேவையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். படம் ஒரு பக்கம், எழுத்து மறுபக்கம். வரி வரியாகத் திருத்திச் சேமிக்கலாம். இப்போது ஞாயிறு இரவுகளில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து 1985ஆம் ஆண்டின் ரிவிப் பக்கங்களைத் திருத்துகிறேன். மனைவி இதைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

சரி, அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது? நாங்கள் 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம், எனக்கு 11 வயது. கன்பராவில் அப்போது அரச நிலையமான ஏபிசி 3, தனியார் நிலையமான கேப்பிட்டல் 7, அப்புறம் 28ஆம் அலைவரிசையில் பன்மொழி நிலையமான எஸ்பிஎஸ். அவ்வளவுதான். கராஜ் சேலில் வாங்கிய எங்கள் குமிழ் திருப்பும் ரிவிக்கு 28 எட்டாது, ஆக எங்களுக்கு இரண்டே இரண்டு. சிட்னி மச்சான்மார் மூன்று தனியார் வலையமைப்புகளில் எதைப் பார்ப்பது, ஏழா (செவன்), ஒன்பதா (நைன்), பத்தா (டென்) என்று சண்டை பிடிப்பார்கள். எங்கள் ஊரில் ஒரே தனியார் நிலையம். மூன்று வலையமைப்புகளிலிருந்தும் வேண்டியதைப் பொறுக்கி எடுத்து ஒரு தட்டில் வைத்துத் தந்தது. 'நெய்பர்ஸ்' என்ற தொடர்நாடகம் 1985இல் செவனில் தொடங்கி 1986இல் டென்னுக்குப் போனது பற்றி மற்ற நகரங்களில் பெரிய கதை. அது எங்களுக்குக் கதையே இல்லை.

1989 மார்ச் இறுதியில் பிரைம், வின் என்று இன்னும் இரண்டு தனியார் நிலையங்கள் கன்பராவுக்கு வந்தன. ட்ரோவில் அந்த நாட்களைப் புரட்டினால் பக்கம் கொழுப்பது தெரியும். என்னைக் கேட்டால் அன்றோடு சுவை போயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் எங்கள் ஊர் ரக்பி லீக் அணியான கன்பரா ரெய்டர்ஸ் மேலதிக நேரத்தில் சிட்னியின் பால்மெய்ன் அணியை 19-14 என்று வென்று முதல் கிண்ணத்தை எடுத்ததால் மன்னிக்கிறேன்.

அம்மா ஆங்கிலம் பழகியது இந்தப் பக்கத்தில்தான். காலையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார்: 'எ கன்ட்ரி பிராக்டிஸ்' தொடர்நாடகத்துக்கு ஒரு வட்டம், ஏபிசியின் 7 மணிச் செய்திக்கு ஒரு வட்டம். கிரிக்கெட் நடக்கும் நாளில் அப்பா அவற்றுக்கு மேல் குறுக்குக் கோடு போடுவார். ட்ரோவில் இருப்பது யாரும் வட்டம் போடாத பத்திரிகை. முதல் நாள் அது எனக்கு ஏதோ வேறு வீட்டுப் பேப்பர் மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் கிரிக்கெட்டுக்குத் தரும் தகவல் தொடங்கும் நேரம் மட்டுமே. மிச்சத்தை நாங்கள்தான் நிரப்ப வேண்டும். வர்ணனையாளர்களில் ரிச்சி பெனோவின் வெண்சந்தன நிற மேலங்கி, ஆடுகளத்தின் வெடிப்பில் கார்ச் சாவியைக் குத்திப் பார்க்கும் டோனி கிரெய்க், விக்கெட் விழுந்தால் கத்தும் பில் லோரி, ஓட்டமில்லாமல் ஆட்டமிழந்தவனோடு அழுதுகொண்டு திரையில் நடந்து போகும் கார்ட்டூன் வாத்து. இலங்கை அணி விளையாடும்போது அப்பா வாய் திறக்கமாட்டார். 83 கலவரத்துக்குப் பிறகு அவருக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியவில்லை. ஆனால் அந்த மார்ச் 10 இரவு இந்திய அணியின் தமிழரான சிவராமகிருஷ்ணன் பந்தை எடுத்ததும் அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். சிவராமகிருஷ்ணன் மூன்று விக்கெட், ஸ்ரீகாந்த் 67 ஓட்டம், இந்தியாவுக்கு எட்டு விக்கெட்டால் வெற்றி. கடைசியில் சாஸ்திரிக்குக் கிடைத்த ஔடி காரில் முழு அணியும் தொங்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. அடுத்த நாள் வேலை என்பதையே மறந்து அப்பா நள்ளிரவு வரை கதைத்துக்கொண்டிருந்தார்.

அதே கதிரை இன்னொரு முறை முன்னுக்கு வந்தது 1995 டிசம்பர் 26, முரளிதரனுக்காக. அன்றுதான் நடுவர் டரல் ஹெயர், முரளி பந்தை வீசாமல் எறிகிறார் என்று ஏழு தடவை நோ-போல் கொடுத்தார். அப்பா கதிரையைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளவில்லை. எழும்பிப் போய்விட்டார். அந்த வாரத்துப் பத்திரிகைகளை ட்ரோவில் வாசிக்கலாம். அப்புறம் டிசம்பர் முடிகிறது, ட்ரோவின் கன்பரா டைம்ஸும் முடிகிறது.

எனக்கு வேண்டியது அதற்கடுத்த மார்ச். 1996 மார்ச் 17, லாகூர். இலங்கை அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தை எடுத்த இரவு. ஆட்டம் முடியும்போது எங்களுக்கு அடுத்த நாள் விடியற்காலை. அந்த இரவுக்காக எந்த நிகழ்ச்சியைத் தூக்கினார்கள், நேரலை எத்தனை மணிக்கு என்று போட்டிருந்தார்கள் என்பதை ட்ரோவில் பார்க்க வழியில்லை. பேர்லி கிரிஃபின் ஏரிக்கரையில் இருக்கும் நூலகத்துக்கே நேரில் போய் நுண்படச் சுருளைச் சுற்ற வேண்டும்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். மிச்ச அரைப் புள்ளி 1996க்காகக் கையில் இருக்கிறது. அண்ணா அடுத்த மாதம் கன்பரா வருகிறார், இருவருமாக நூலகத்துக்குப் போவதாக ஏற்பாடு. நேரலை இரவு எட்டரைக்குத் தொடங்கியது என்கிறேன் நான். ஒன்பது என்கிறார் அவர்.